தண்டமா, வாடகையா?

தொழில் நிறுவனங்கள்மீது விதிக்கப்படும் தண்டம் அளவு மீறிப் போய்விட்டதாம்! ஆற்றிலே எண்ணெய் கலந்தால் ஒரு கோடி, காற்றிலே நஞ்சு கலந்தால் ஒரு கோடி என்று கேட்டுக்கொண்டே போனால் தொழில் எப்படிப் பிழைக்கும், முதலீடு எப்படி வரும், வேலை எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கின்றனர். கேட்போர் கந்தை உடுத்தவர் அல்லர். கணக்கேடு வைத்திருப்போர், கணக்கெழுத ஆள் வைத்திருப்போர். அவர்கள் கண்ணீர் வடித்தால் துடைக்க ஏடுகள் உண்டு, மன்றங்கள் உண்டு, வழக்கறிஞர் படை உண்டு. ஆற்றின் முகத்துவாரத்திலே வலை வீசி வாழும் மீனவர் கண்ணீர் வடித்தால், துடைக்க அவருடைய கைதான் உண்டு; அந்தக் கையிலும் எண்ணெய்!

ஆகவே, அவர்கள் கேட்ட கேள்வியை அவர்கள் கேட்டபடியே எடுத்துக்கொள்வோம். தண்டம் மிகுதியா, குறைவா? ஆத்திரம் வேண்டாம், கணக்குப் பார்ப்போம். பள்ளியிலே பிள்ளைகளுக்கு விழுக்காடு சொல்லித் தரும் நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அஞ்சத் தேவையில்லை.

கொற்றலையாறு, மக்கள் வழக்கிலே கொசத்தலையாறு, நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆறு. பூண்டியிலே தேங்கித் தலைநகருக்குக் குடிநீர் தந்து, எண்ணூரிலே கடலோடு கலப்பது. அங்கே இறாலும் நண்டும் மீனும் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள் காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், எண்ணூர்க் குப்பம் முதலான ஊர்களின் மக்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்திலே மிக்ஜாம் புயல் கொட்டிய மழையோடு மழையாக, மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் வந்தது. ஆற்றை மூடிற்று, அலையாத்தி வேர்களிலே படிந்தது, கூழைக்கடாவின் சிறகை ஒட்டவைத்தது, படகையும் வலையையும் கறுப்பாக்கிற்று. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேசன் நிறுவனம், தன் குழாய்களிலே கசிவில்லை என்றது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியமோ, அந்த ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாமையே காரணம் என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் கூறிற்று. இந்த வாதம் நடந்துகொண்டிருந்த வேளையிலே, படகிலே சென்று வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளியவர் யார்? மீனவரே! கெடுத்தது ஆலை, கழுவியது குப்பம்.

பிறகு உதவித் தொகை வந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். பழுதுபட்ட 787 படகுகளுக்குப் படகொன்றுக்கு 10,000 ரூபாய் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. எல்லாம் கூட்டினால் 8 கோடியே 68 இலட்சம். பெருந்தொகைதான், கேட்பதற்கு! ஆனால் அந்த ஆலை 2022-23ஆம் ஆண்டிலே ஈட்டிய நிகர இலாபம் 3,500 கோடி ரூபாய்க்கும் மேல். 365 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி. ஒன்பதாயிரம் குடும்பங்களின் அடுப்பும் எழுநூற்று எண்பத்தேழு படகுகளும் சேர்ந்து, அந்த ஆலையின் ஒருநாள் இலாபத்துக்கு ஈடாகவில்லை! பின்னர் மாசுக் கட்டுப்பாடு வாரியம் அந்நிறுவனத்தின்மீது 73 கோடி ரூபாய்க்கு மேல் சூழல் இழப்பீடு விதித்தது. ஏடுகளிலே பெரிய எழுத்திலே வந்த தொகை அது. அதையும் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ எட்டு நாள் இலாபம். ஆண்டிலே எட்டு நாள் போக, எஞ்சிய நாளெல்லாம் இலாபம் இலாபமாகவே இருக்கும்.

அதே டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவு. எண்ணெய் நாற்றம் அடங்குமுன், எண்ணூர்ப் பெரியகுப்பத்திலே அமோனியா! கோரமண்டல் இன்டர்நேசனல் உர ஆலைக்குக் கடலுக்கடியிலே செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளை அள்ளிக்கொண்டு இருட்டிலே ஓடினர் மக்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். வாரியம் கணக்கிட்ட இடைக்கால இழப்பீடு 5 கோடியே 92 இலட்சம் ரூபாய். 2022-23ஆம் ஆண்டிலே அந்த நிறுவனம் ஈட்டிய இலாபம் ஏறத்தாழ 2,000 கோடி. நாளொன்றுக்கு ஐந்தரைக் கோடி! இங்கேயும் ஏறத்தாழ அதே ஒருநாள் கணக்குத்தான்.

இதுதானா அளவு மீறிய தண்டம்?

பயணச் சீட்டு வாங்காமல் பேருந்தில் ஏறியவனைப் பிடித்து, அவன் கொடுத்திருக்க வேண்டிய கட்டணத்தை மட்டும் தண்டமாக வாங்கினால், மறுநாள் சீட்டு வாங்குவோர் எத்தனை பேர்? பிடிபட்டால் கொடுக்கலாம், பிடிபடாவிட்டால் மிச்சம் என்றுதான் எவனும் எண்ணுவான். கழிவைத் தூய்மை செய்யும் கருவிக்கும், குழாயைக் கண்காணிக்கும் ஆளுக்கும், மழைநீர் தனியே ஓட வடிகாலுக்கும் ஆகும் செலவைவிடத் தண்டம் குறைவாக இருந்தால், கருவி எதற்கு, ஆள் எதற்கு, வடிகால் எதற்கு? தண்டம் கட்டுவதே சிக்கனம் என்றாகிவிடும். அப்போது அது தண்டமாக இராது, வாடகை ஆகிவிடும். ஆற்றைக் கழிவுத் தொட்டியாகவும் மீனவன் நுரையீரலைப் புகைபோக்கியாகவும் வைத்துக்கொள்ள, மலிவான வாடகை!

சட்டம் இந்த வாடகையைக் கூட்டிற்றா? கேளுங்கள் அந்தக் கதையையும். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலே, விதியை மீறுவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை என்று ஏட்டளவிலாவது எழுதியிருந்தது. 2023ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றிற்று. ஜன் விஸ்வாஸ் என்று பெயர். மக்கள் நம்பிக்கை என்று பொருளாம். பெயரும் நம் மொழியிலே இல்லை, நம்பிக்கையும் நம் பக்கம் இல்லை. 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்த மீறலுக்குச் சிறை போயிற்று. பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் வந்தது. நாளொன்றுக்கு ஒன்பதரைக் கோடி ஈட்டும் ஆலைக்குப் பதினைந்து இலட்சம் என்பது அரை மணி நேர இலாபம்கூட இல்லை. சிறை அடியோடு போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதித்த தண்டத்தைக் கட்டாமல் விட்டால் சிறை உண்டு! ஆற்றைக் கொன்றதற்குச் சிறை இல்லை. கட்ட வேண்டியதைக் கட்டாததற்குச் சிறை. குடக்கூலி பாக்கி வைத்தவனை மட்டும் வெளியேற்றும் வீட்டுக்காரனின் நீதி அல்லவா இது? மிதிவண்டி திருடியவனுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்க இந்த நாட்டிலே சட்டம் இருக்கிறது என்பதையும் உடன் வைத்து எண்ணிப் பாருங்கள்.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

புயல் வந்ததே, அதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்பது முதல் காரணம். எண்ணெய்க்கு மழை காரணம். அமோனியாக் குழாய்க்குப் புயலிலே பெயர்ந்த பாறை காரணம். சட்ட மொழியிலே இதற்குக் கடவுளின் செயல் என்று ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அம்மை வந்தால் ஆத்தாளின் கோபம், பஞ்சம் வந்தால் தலைவிதி என்று ஏழையை ஏய்த்த அதே பழைய சொல், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து நீதிமன்றப் படியேறி வருகிறது! வங்கக் கடலோரத்திலே டிசம்பரிலே புயல் வருவது எவருக்குப் புதுமை? ஐந்தாம் வகுப்பு மாணவன் வடகிழக்குப் பருவமழை என்று எழுதுகிறான். ஆலை கட்டிய அறிஞர்க்கு அது தெரியாதா? மழை பெய்தது இயற்கை; மழைநீரோடு எண்ணெய் கலக்கும்படி வடிகாலை வைத்திருந்தது மனிதச் செயல். 1985 டிசம்பரிலே தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்த வழக்கிலே, 1986ஆம் ஆண்டு தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆபத்தான தொழில் நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு. எந்தச் சாக்கும் செல்லாது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அவ்வளவு உறைக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து ஏறத்தாழ நாற்பதாண்டு ஆயிற்று. சாக்கு மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது.

தொழில் ஓடிவிடும் என்பது இரண்டாம் காரணம். கும்மிடிப்பூண்டிப் பகுதியிலே இந்த அச்சுறுத்தல் நன்றாகவே பலிக்கும். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். தடாவும் ஸ்ரீசிட்டியும் கைக்கெட்டும் தொலைவு. இங்கே இறுக்கினால் அங்கே போய்விடுவோம் என்கின்றனர். போகட்டுமே, எந்தச் சட்டத்தை விட்டு ஓடுவார்கள்? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் ஒன்று, ஆந்திரத்துக்கும் ஒன்று. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இரண்டுக்கும் ஒன்றே. பழவேற்காடு ஏரி இரு மாநிலத்திலும் கிடக்கிறது. அதன் மீனுக்கு மாநில எல்லை தெரியாது. வேலையைக் காட்டி மிரட்டுகிறவர்களைக் கேட்போம்: மீன்பிடிப்பது வேலை இல்லையா? இறால் தடவுவதும் மீன் விற்பதும் வலை பின்னுவதும் வேலை இல்லையா? ஒன்பதாயிரம் குடும்பங்களின் பிழைப்பு, ஊதியச் சீட்டு இல்லாத காரணத்தால் கணக்கிலே சேராதா?

உலகத்தையும் பாருங்கள். 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவிலே பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினொரு தொழிலாளர் மாண்டனர். 2015இல் அமெரிக்க அரசோடும் மாநிலங்களோடும் அந்நிறுவனம் செய்துகொண்ட உடன்பாடு 2,080 கோடி டாலர். மொத்தச் செலவு 6,500 கோடி டாலருக்கும் மேல் போயிற்று. நிறுவனம் மாண்டதா? இன்றும் எண்ணெய் எடுக்கிறது, இன்றும் இலாபம் பார்க்கிறது. நம் நாட்டிலே நடந்தது என்ன? 1984 டிசம்பரிலே போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுக் காற்று ஆயிரக்கணக்கானோரைத் தூக்கத்திலேயே கொன்றது. 330 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்த இந்திய அரசு, 1989இல் 47 கோடி டாலருக்கு இசைந்தது. கேட்டதிலே ஏழிலொரு பங்கு! போதவில்லை என்று பின்னாளில் அரசே மீண்டும் மன்றம் ஏறிற்று; 2023 மார்ச்சிலே உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. 2010இல் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனை இரண்டாண்டு, அன்றே பிணை. தண்டம் மிகுந்ததால் அழிந்த ஆலை எது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். தண்டம் குறைந்ததால் அழிந்த மக்களைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் காரணம் சற்று நுட்பமானது. மணலி ஆலை பொதுத்துறை நிறுவனம். அதற்குத் தண்டம் விதித்தால் மக்கள் பணம்தானே போகிறது, ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றுவதுதானே என்கின்றனர். திருவாரூரிலே தேர்க்காலில் கன்றை ஏற்றிக் கொன்ற மகனை, அதே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று கதை சொல்கிறோம். கதையாகவே இருக்கட்டும், அதன் கருத்து என்ன? என் மகன் என்பது தண்டனையைக் குறைக்கும் காரணமன்று என்பதுதானே! பொதுத்துறை அரசின் மகன். மகன் என்பதற்காக மணியின் நாவை அறுத்துவிடலாமா? ஆனால் இந்த வாதத்திலே ஒளிந்துள்ள உண்மைத் துளியையும் எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து மட்டும் தொகை போனால், வடிகாலைக் கவனியாது விட்ட மேலாளருக்கு எதுவும் உறைக்காது. ஆகவே பொதுத்துறையாயினும் தனியாராயினும், முடிவெடுத்தவர் பெயர் தீர்ப்பிலே வர வேண்டும். அவர் பதவியும் ஊதியமும் தொடப்பட வேண்டும். தண்டத்துக்கு ஆள் வேண்டும். ஆளில்லாத தண்டம் செலவுக் கணக்கிலே ஒரு வரி.

நான்காம் காரணத்தை மறைக்க மாட்டோம். அது உச்ச நீதிமன்றத்திலிருந்தே வருகிறது. மொராதாபாத்திலே கைவினைப் பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின்மீது, அதன் விற்றுமுதலைக் கொண்டு பசுமைத் தீர்ப்பாயம் விதித்த 50 கோடி ரூபாய்த் தண்டத்தை, 2025 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. விளைந்த கேட்டுக்கும் விற்றுமுதலுக்கும் தொடர்பு இல்லை என்றது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, மிகுதிதான் என்கின்றனர். ஆனால் அதே திங்களில் அதே நீதிமன்றம், கேடு விளைவித்தவரிடமிருந்து இழப்பீடு பெறும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாடு வாரியங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 2013இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கிலே 100 கோடி ரூபாய் விதித்தபோது, ஆயிரம் கோடிக்கு மேல் ஈட்டும் நிறுவனத்துக்கு அதில் பத்திலொரு பங்குக்குக் குறைந்தால் உறைக்காது என்று கூறியதும் உச்ச நீதிமன்றமே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது. விளைந்த கேட்டைக் கணக்கிட்டு அடித்தொகையை நிறுவுங்கள். அதற்குமேல், மறுமுறை துணியாதபடி உறைக்கும் அளவை நிறுவனத்தின் வலிமையைக் கொண்டு நிறுவுங்கள். இதிலே அநீதி எங்கே?

இந்த அளவுகோல் சிறு தொழிலையும் காக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே பேராலைகளின் நிழலிலே சிறு பட்டறைகளும் நடக்கின்றன. கடனில் எந்திரம் வாங்கி, பத்துப் பேருக்குக் கூலி கொடுத்து, வட்டியோடு போராடும் பட்டறைக்காரருக்கு ஐந்து இலட்சம் என்பது கழுத்துக் கயிறு. பேராலைக்கு அது விருந்துச் செலவு. 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கிலே, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நாட்டிலே நிலைநாட்டிற்று. நம் திருவள்ளூர் அன்று அடங்கியிருந்த செங்கை மாவட்டமும் அத்தீர்ப்பிலே இருந்தது. அந்தப் பெரும் நெறியோடு உடனடித் தண்டமாக விதித்தது, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய். பெரியதற்கும் பத்தாயிரம், சிறியதற்கும் பத்தாயிரம். சமத்துவம்போலத் தோன்றும், யானைக்கும் பூனைக்கும் ஒரே சுமை ஏற்றுவது சமத்துவமாகாது. சிறு பட்டறைகளுக்குக் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையமும், திருத்திக்கொள்ளக் காலமும், அரசின் கைகொடுப்பும் தேவை. அவற்றைக் கேட்போர் பக்கம் நாம் நிற்போம். அந்த ஏழைப் பட்டறைக்காரரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளியும் பெருமுதலாளி பக்கம் நிற்க மாட்டோம்.

தண்டம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். தொகை வாரியத்தின் கணக்கிலே ஏறிவிட்டால் ஆறு தூய்மையாகிவிடுமா? காட்டுக்குப்பத்து மீனவர் வலை புதிதாகிவிடுமா? பூண்டி முதல் எண்ணூர் வரை, கும்மிடிப்பூண்டி முதல் பழவேற்காடு வரை, கேடு எந்த ஊரிலே விழுந்ததோ அந்த ஊரிலே அந்தத் தொகை முதலிலே செலவாக வேண்டும். எவ்வளவு இழப்பு என்று எண்ணும்போது, மீனவரும் அந்த மேசையிலே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று எத்தனை மீன் செத்தது என்று மட்டும் அதிகாரி எண்ணுவார். சேற்றிலே படிந்த எண்ணெயால் நாளை எத்தனை குஞ்சு பிறக்காது என்பதை வலை இழுத்தவர்தான் அறிவார்.

நமது வகுப்பறைச் சன்னலிலே காலைதோறும் படிந்திருக்கும் கரியைப் பிள்ளைகள் விரலால் தொட்டு, அதிலேயே தங்கள் பெயரை எழுதிப் பார்க்கிறார்கள். எந்த ஆலையின் கரி என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னதுதான் என்று நாமும் காட்ட முடியவில்லை. அளக்கும் கருவி ஆலைக்குள் இருக்கிறது. அளவைப் படிக்கும் உரிமை ஊருக்கு இல்லை. தண்டம் மிகுதியா என்று கேட்கும் பெரியவர்கள், அளவு ஏட்டை முதலில் ஊர்ச் சாவடியிலே தமிழிலே தொங்கவிடட்டும். காற்றிலே என்ன, நீரிலே என்ன என்று மக்கள் நாள்தோறும் படிக்கட்டும். அதன் பிறகு தண்டத்தின் அளவைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேச நாம் ஆயத்தம்.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது பழிவாங்கல் அன்று. ஆலை வேண்டாம் என்போரும் அல்லர் நாம். தொழில் வளர்ந்தால்தான் தமிழ்நாடு வளரும் என்பதை அறிவோம். நாம் கேட்பது நான்கு. கேட்டின் அளவுக்கு ஈடும், நிறுவனத்தின் வலிமைக்கேற்ற உறைப்பும் சேர்ந்த தண்டம்; தவறிழைத்த அதிகாரியின் பெயர்; கெட்ட ஊரிலேயே செலவாகும் பணம்; மக்கள் கண்ணில் படும் அளவு ஏடு. இந்த நான்கும் வரும்வரை, தண்டம் மிகுந்துவிட்டது என்று எவரேனும் மேடையேறிச் சொன்னால், எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஐயா, தங்கள் ஆலைக்கு அது எத்தனை நாள் இலாபம்?